நாற்பத்து மூன்றாவது கம்பம்

திங்கட்கிழமை வருகிறவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கொடி.
வியாழக்கிழமை வருகிறவருக்கும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று குறைந்தாலும் யாரோ எண்ணிப் பார்த்து
மனம் கோணிவிடுவார்களாம்.
சூப்பர்வைசர் சௌத்ரி சொன்னார்.
எண்ணுகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது.

விருத்தாசலத்துக் கொளஞ்சி நான்.
தில்லியில் பதினாறு வருடம்,
அதில் ஏணி வண்டியில் ஒன்பது.
சாணக்யபுரியை நான் பார்ப்பதெல்லாம்
நாவல் மரங்களின் உயரத்திலிருந்து:
கார்களின் முதுகு, போலீஸ் தொப்பி,
வழுக்கையை மறைத்து வாரிய அதிகாரிகள்.

இரண்டு நாட்டுக்கும் ஆகாதாம்.
எண்ணெய்த் தகராறு என்றான் டிரைவர் ராம்கேஷ்.
டீக்கடையில் எல்லைத் தகராறு என்றார்கள்.
எனக்கு ஊர்க் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது.
முறைத்துக்கொண்ட இரண்டு மாமன்களில்
ஒருவரை முதல் பந்தியில் உட்காரவைத்து,
அவர் கைகழுவப் போனதும்
இலையை எடுத்து, மேசையைத் துடைத்து,
மற்றவரைக் கூப்பிடுவார்கள்.
இருவருக்கும் அதே சாம்பார்.
இருவரிடமும், "உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்."
இருவரிடமும் மொய்.

ஆனால் அங்கே எந்த மாமன் யார் என்று
பந்தலில் ஓடும் பிள்ளைக்கும் தெரியும்.
இங்கே, தடுப்புக்குப் பின்னால்
நாற்பது நிமிடமாக நிற்கும் ஆட்டோக்காரர்
"யாருப்பா வர்றது?" என்று இந்தியில் கேட்டார்.
கொடியைக் காட்டினேன்.
பார்த்தார். "அச்சா" என்றார். பீடி பற்றவைத்தார்.
பால்காரருக்கு அது ஏதோ கட்சிக் கொடி.
ஸ்கூட்டரில் வந்த பெண்ணுக்கு
அரைநாள் சம்பளம்.

நாற்பத்து மூன்றாவது கம்பத்தை ஒட்டி
ஒரு பள்ளிப் பேருந்து.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு விரல்,
உள்ளே முன்பல் விழுந்த வாய்.
"பையா, அது உல்டா."

அண்ணாந்து பார்த்தேன்.
மூன்று பட்டை, நடுவில் ஒரு சின்னம்.
மற்றதெல்லாம் வளையம் தைத்து வந்தவை,
மாட்டினால் போதும்.
இதில் வளையம் பிய்ந்து, கையால் முடிந்திருந்தேன்.
இலை என்று நினைத்து,
காம்பு மேலே, நுனி கீழே,
எந்த மரத்திலும் இலை தொங்குகிற மாதிரி.

"இலை இல்ல பையா, நெருப்பு.
நெருப்பு மேலதானே எரியும்?"

தூரத்தில் சைரன்.
கான்ஸ்டபிள் விசில் ஊதினார்,
ஏறு என்றா இறங்கு என்றா தெரியவில்லை. ஏறினேன்.
பல்லால் முடிச்சை அவிழ்த்துத் திருப்பினேன்.
ஏணியை மடக்குவதற்குள்
கறுப்புக் கார்கள் போய்விட்டன,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.
பதினாறா பதினேழா, எண்ண விட்டுப்போயிற்று.

அவளிடம் கேட்க ஒன்று இருந்தது.
நெருப்புக்காரரும் வியாழக்கிழமைக்காரரும்
நிஜமாகவே அடித்துக்கொள்வார்களா பாப்பா?
என் மச்சான் கோதண்டம்
குழாய் பதிக்கப் போயிருக்கிறானே,
அந்த ஊர் இவர் பக்கமா, அவர் பக்கமா?
தடுப்பை விலக்கிவிட்டார்கள். பேருந்து நகர்ந்தது.
அவள் அடுத்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்,
சரிபார்ப்பவள் போல.

புதன் இரவு முழுக்கக் கழற்றல்.
பழையதில் ஒரு நூல்கூட மிஞ்சக்கூடாது.
புதுக்கொடியில் வெறும் வட்டம்,
மேலும் இல்லை, கீழும் இல்லை.
நிம்மதியாகக் கட்டினேன்.
வியாழன் அன்று பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள்.
நாற்பத்து மூன்றின் கீழே
தடுப்புக் கட்டைமேல் ஒரு காக்கை மட்டும்.

ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டேன்.
பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
"நீ இருக்குற நாட்டுக் கொடியில
நெருப்பா மச்சான், வட்டமா?"
"கொடியா?" என்றான்.
கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.
"பார்த்ததே இல்லையே.
நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்."