எடை

பொக்காரா மலையில் பாராகிளைடிங்.
படிவத்தில் மூன்றாவது கேள்வி: எடை.
வீட்டு மெஷினில் பேட்டரி இல்லை.

ஈரோட்டு மஞ்சள் குடோனில்
மூட்டை இறக்கிய தராசுத் தட்டில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து நின்றன.

"எழுவத்தி மூணு எரநூறுங்க்கா"
என்றான் குழந்தைசாமி.
பிறகு, கைப்பழக்கத்தில்,
"சாக்குக்கு ஒண்ணு கழிச்சர்றனுங்க."

எந்தச் சாக்கை?

லாரிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்.
என் பாதமெல்லாம் மஞ்சள்.

எழுபத்திரண்டு என்று எழுதினேன்.
மிச்ச இருநூறு கிராம்
அந்தக் காற்றின் பாடு.

கடைசிக் கட்டம்:
ஏதாவது ஆனால் யாரை அழைப்பது?

பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நான்காவது மூட்டை ஏறி இறங்கியது.

குடோன் நம்பரை எழுதினேன்.
சித்திரை வரைக்கும் சீசன்,
யாராவது எடுப்பார்கள்.