ஈரத்துக்குக் கழித்த கிலோ

ஹல்துமுல்லைக்குக் கீழே, பஸ் நிற்கும் வளைவிலிருந்து
முக்கால் மணிநேர இறக்கம்.
தோட்டம் கைகழுவிய பதினோராம் நம்பர் மலை.
மானாப்புல்லும் கல்லும்.
ஆனி பிறந்தால் கச்சான் காற்று
கூரைத் தகரத்தை ஆணியோடு கேட்கும்.
ஒருமுறை கேட்டது, கொடுத்தோம்.
இப்போது தகரத்தின் மேல் பதினான்கு கல்.

மழை கடைசியாகப் பெய்தது சித்திரை இருபத்திரண்டு.
சுவரில் கரியால் எழுதியிருக்கிறது.
நீலப் பீப்பாய் மூன்று, ஒன்று ஒழுகும்.
முகம் கழுவிய தண்ணீர் சட்டிக்கு,
சட்டி கழுவியது கத்தரிக்கு,
கத்தரி குடித்தது போகக்
கல்லிடுக்கில் கசிவதைத் தேனீ வந்து உறிஞ்சும்.
அதற்குமேல் என்ன ஆகிறதென்று
எனக்குத் தெரியாது.

இருபத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான்.
மழைநாளில் நிறுக்கும்போது
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
சாக்குக்கு ஒன்று.
வாய் திறந்தால் இன்னொன்று.
அந்த ஈரத்தையெல்லாம்
எங்கே கொட்டி வைத்தீர்கள் ஐயா?
தூக்கம் வராத ஒரு ராத்திரி கூட்டிப் பார்த்தேன்:
மூன்று பீப்பாயும் நிரம்பி
வாசலைத் தாண்டி ஓடியது.

கீழ் ஊர் சுமனாவதி குரக்கன் விதை தந்தாள், ஒரு சுண்டு.
விளைந்தால் இரண்டாய்த் திருப்பு என்றாள்.
முதல் வருஷம் பன்றி தின்றது.
அடுத்த வருஷம் இரவெல்லாம் தகரம் தட்டினோம்,
பன்றி போனது, மயில் வந்தது.
மூன்றாம் வருஷம் இரண்டு சுண்டு கொண்டுபோனேன்.
அளந்தும் பார்க்காமல் பானைக்குள் கொட்டினாள்.
எனக்குப் பிடிக்கவில்லை.
அளக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

மகன் கொழும்பிலிருந்து போனில் கேட்கிறான்:
கடைக்கே போகாமல் வாழ முடியுமா அம்மா?
முடியாது தம்பி.
நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய்,
அப்பாவின் பிரஷர் மாத்திரை, உப்பு.
கதவுக்குப் பின்னால் இந்த நாலு பேர்தான் பாக்கி.
போன வருஷம் பதினொரு பேர் இருந்தார்கள்.
சீனியை ஆவணியில் அழித்தேன்,
எழுத்து இன்னும் மங்கலாய்த் தெரிகிறது.

தேயிலையும் அந்தப் பட்டியலில் இருந்தது.
சிரிக்காதே.
மானாவுக்குள் பாதி செத்த செடி ஆறு.
கவ்வாத்து வெட்டிவிட்டேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.
போன கிழமை ஒரு பிடி துளிர்.
சங்கு ஊதவில்லை, பெரட்டு இல்லை,
வெயில் ஏறிய பிறகு மெதுவாய்ப் போய்க் கிள்ளினேன்.
நிழலில் வாட்டி, உள்ளங்கையில் தேய்த்து,
ரொட்டிக்கல்லில் வறுத்தேன்.
தீய்ந்த வாசம். தொண்டையெல்லாம் புகை.
மருதவீரன் ஒரு மிடறு குடித்துவிட்டுத்
தண்ணீர் வீண் என்றார்.
நான் முழுக் கோப்பையும் குடித்தேன்.

வானம் தெளிந்த காலையில் முற்றத்தில் நின்றால்
தெற்கே ஒரு கோடு மினுங்கும்.
கடல் என்பார் அவர்.
உப்பளம் என்பேன் நான்.
கண்ணுக்கு எட்டும் தூரத்தில் விளைகிற உப்பு,
அதை வாங்க முதுகைத் திருப்பிக்கொண்டு
மலை ஏற வேண்டியிருக்கிறது.

ஏறினேன். சாக்கில் இரண்டு பூசணி.
கடைக்காரர் தராசில் வைத்தார்.
முள் ஆடி அடங்கும்வரை கண் எடுக்கவில்லை.
ஏழு கிலோ நானூறு.
ஏழு என்று எழுதிப் பேனாவை மூடப் போனார்.

நானூறையும் எழுதுங்கள் என்றேன்.