மஞ்சள் அறிவிப்பின் வலது மூலை

மூன்றாவது அறிவிப்பின் நிறம் மஞ்சள்.
“பதினான்கு நாளில் செலுத்தாவிடில்
குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.”
அதற்குக் கீழே, வலது மூலையில்
தலைகுனிந்து நிற்கிறது
ஓர் அயிரை மீன்.
நெற்றியில் மூன்று சொட்டு வியர்வை.
மீனுக்கு வியர்க்காது என்று
கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

பெயர் நியொரோபெ.
இவாசெகி நகராட்சி, குடிநீர்ப் பிரிவு.
வரைந்தவள் எங்கள் இசானா,
சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு, ஒரு ரசீதின் பின்பக்கம்.
ஒரு கண் சற்றே மேலேறிவிட்டது.
திருத்தி வரைந்தாள்.
திருத்தியதை யாருக்கும் பிடிக்கவில்லை.
பதினொன்றுக்கு இரண்டு என்ற வாக்கில்
கோணல் கண் வென்றது.

ததேனுமா வந்தது ஜனவரியில்.
காலணியில் பனி. கையில் மூன்று உறைகள்.
வெள்ளையையும் நீலத்தையும் அவர் பிரிக்கவே இல்லை.
மஞ்சள் உறையின் கண்ணாடித்தாள் சன்னலில்
ஒரு தலை எட்டிப் பார்த்ததாம்.
தாளை மேசையில் விரித்தார்.
தொகையைத் தொடவில்லை, தேதியைத் தொடவில்லை.
அயிரையின் மேல் விரலை வைத்து,
“இதுக்கு ஏன் இப்படி வியர்க்குது?”

பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.
“உங்களிடம் கேட்க அதுக்குக் கூச்சம்” என்றேன்.
கணப்பு இரண்டு முறை பெருமூச்சு விட்டது.
“எனக்கும்தான்” என்றார்.

கவாயி என்கிற சொல்லுக்குப்
பழைய காலத்தில் வேறு பொருளாம்:
முகம் சிவந்துபோவது,
பார்க்கப் பொறுக்காமல் மனம் இளகுவது.
இசானா அகராதியில் காட்டினாள்,
உதட்டோரத்தில் ஒரு பருக்கை சோற்றோடு.

அயிரை விட்டு வரால் இழுக்கிறோம்.
தெரியாமல் இல்லை.
மலையைக் குடையும் நிறுவனத்தின் வேலியிலும்
முயல்கள் கைகோத்து நிற்கின்றன.
காவல் நிலையத்துக்கு ஓர் ஆந்தை.
கடன் கொடுக்கும் வங்கிக்குக் கன்னம் உப்பிய அணில்.
சிரித்தாலும் பில் பில்தான்.

ஆகஸ்ட் திருவிழாவில்
அயிரைக்குள் நுழையும் சீட்டு எனக்கு விழுந்தது.
உள்ளே நாற்பத்தொரு டிகிரி.
வாயின் வலை வழியாகத்தான் உலகம்.
கைகள் முழங்கையோடு முடிந்துவிடுகின்றன;
ஒரு குவளையைக்கூடத் தூக்க முடியாது,
படியேற இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.
விதி ஒன்றுதான்: பேசக்கூடாது.

ஒரு மீட்டர் தள்ளி நின்று வணங்கும் மனிதர்கள்
ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.
குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம்.
பிரிவுத் தலைவர் குரெமாட்சு,
பத்தொன்பது வருடமாக என் மேசையில்
கோப்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்,
பஞ்சு வயிற்றில் நெற்றியைச் சாய்த்து
“இந்த வருஷம் ரொம்ப...” என்றார்.
முடிக்கவில்லை.
உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.
பணிப்பட்டியலில் கையெழுத்திட்டவரே அவர்தான்.

வலிமையானவர்களிடம் நாம் எதையும் சொல்வதில்லை.
அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.

திங்கட்கிழமை வழக்கம்போல்
ஒரு மீட்டர் தூரத்தில் குனிந்தார்.
நானும் குனிந்தேன், அவர் குனிந்த அளவுக்குச் சரியாக.

ததேனுமா நான்கு தவணையில் கட்டி முடித்திருந்தார்.
கடைசித் தவணை மே மாதம், பெரும்பாலும் சில்லறை.
அறிவிப்பை அலுவலகம் வைத்துக்கொள்ளும். அது விதி.
எண்ணி முடித்து நான் நிமிர்ந்தபோது
அவர் இன்னும் போகவில்லை.
“அந்த மூலையை மட்டும்
எனக்குத் தர முடியுமா?”

கத்தரிக்கோல் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

தணிக்கைக்கு வந்தவர்
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
ஓட்டை வழியாக என்னைப் பார்த்து,
“காரணம்?” என்றார்.
“கசிவு” என்று எழுதிக் கொடுத்தேன்.
குடிநீர்ப் பிரிவில் அந்தச் சொல் எப்போதும் செல்லும்.
அவர் முத்திரை குத்தினார்.
அவர் பேனாவின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது
தொப்பி போட்ட ஒரு சிப்பி.

எந்த ஊருடையது என்று
நான் கேட்கவில்லை.