பெருவற்று

கடல் அவனைக் கொண்டுபோகவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
முப்பத்தொரு வருடம் படகேறிய அமாரோ
வீகோ நகரத்து ஆஸ்பத்திரியில், நான்காம் மாடியில்,
கார் நிறுத்துமிடம் பார்த்த ஜன்னலோரம் செத்தான்.
கணையம்.
துக்கம் கேட்க வந்தவர்களோ
என் தோளுக்கு மேலாகக் கடலையே முறைத்தார்கள்.
பாவம், அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.
கோபித்துக்கொள்ளக்கூட
எனக்கு ஆள் மிஞ்சவில்லை.

மார்ச் முழுக்க மழை.
நான் கதவு திறக்கவில்லை.
வாசலில் கழற்றிய இடத்திலேயே நின்ற
அவன் ரப்பர் பூட்ஸ் இரண்டும்
மழை குடித்து நிரம்பின.

ஏழாவது வாரம் எர்மிட்டாஸ் வந்தாள்.
கதவைத் தட்டவில்லை. தெருவிலிருந்தே கத்தினாள்:
"நாளைக்குப் பெருவற்று. ஒன்பது இருபது.
உன் வாருகோல் துருப்பிடிக்குது, பார்க்கச் சகிக்கலை."
அவ்வளவுதான், போய்விட்டாள்.
ஆறுதல் சொல்ல வராது அவளுக்கு.
தன் புருஷனை அடக்கம் செய்த அன்றும்
மட்டி வாங்கும் வியாபாரியைத்தான்
திட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபது.
கழி தன் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு
தீவுகளின் காலடிக்குப் போயிருந்தது.
அடிவயிறு தெரியக் கிடந்தது மணல்.
யூகலிப்டஸ் குன்றிலிருந்து ஈரக்காற்று.
நாற்பது பெண்கள், நாற்பது குனிந்த முதுகுகள்.
ஒருத்தியும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

ஆனால் செவெரினாவுக்கும் ஷியானாவுக்கும் நடுவில்
ஓர் ஆள் அகலத்துக்கு
மணல் கீறாமல் கிடந்தது.
இத்தனை வாரமும் அப்படித்தான் விட்டிருந்தார்கள் என்று
பிறகு யாரோ சொல்லித் தெரியும்.
நல்ல இடம் அது. மட்டி மண்டிக் கிடக்கும்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் வெற்று ஓடு.
மூன்றாவதில், வாருகோலின் பல்லில்
அந்தச் சின்ன 'க்ளிக்'.
எடுத்தேன். உள்ளங்கையில்
இறுக்கி மூடிக்கொண்டது.
அந்த மூடல் எனக்குத் தெரியும்.

குனிந்து வேலை செய்பவளின் கண்ணீர்
கன்னத்தில் வழிவதில்லை.
மூக்கு நுனியில் தொங்கி, நேராக மணலில் விழுகிறது.
துடைக்க ஒரு கை ஒழிவதில்லை.
செவெரினா தன் மருமகனின் சோம்பலைப் பற்றி
மூச்சுவிடாமல் பேசினாள்,
என் உறிஞ்சல் வேறு யார் காதிலும்
விழாத அளவுக்கு உரக்க.
அந்த மருமகனை எனக்குத் தெரியும்.
நல்ல உழைப்பாளி.

கரையில் அளவுத் தகடு.
அதன் ஓட்டைக்குள் விழுகிற மட்டி
இன்னும் வளரவேண்டிய மட்டி.
அந்த வாளியை அன்று என் கையில் திணித்தார்கள்.
முழங்கால் வரை ஓதம் ஏறுமுன்
நடந்துபோய்த் தூவிவிட்டு வரவேண்டும்.
தூவினேன், கைப்பிடி கைப்பிடியாக.
ஒவ்வொன்றும் ஒற்றைக் காலை நீட்டி
அவசரமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியது.
கடைசி ஒன்று இறங்கும்வரை நின்றேன்.
தண்ணீர் முட்டி தொட்டது, சில்லென்று.
அமாரோ இறந்தபின் என் உடம்பு
எதையோ உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
இடுப்பு வலித்தது. பசித்தது.
இரண்டு முட்டை பொரித்தேன்,
ஒன்று அவனுக்கு என்று கை தானாக உடைத்தது.
இரண்டையும் நானே தின்றேன்.
பிறகு வாசலுக்குப் போய்
பூட்ஸ் இரண்டையும் கவிழ்த்தேன்.
எவ்வளவு தண்ணீர்! படி இறங்கி, தெருவைத் தாண்டி,
தன் வழி தெரிந்தாற்போல் போயிற்று.

இருட்டும் நேரம் தெருவில் குரல்:
"நாளைக்குப் பத்து ஐந்து!"

ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"எனக்குக் கணக்குத் தெரியும், கிழவி,
தொண்டையைக் கிழிச்சுக்காதே."

ஒரு நிமிடம் சத்தமில்லை.
அப்புறம் அவள் சிரித்தது
மூன்று வீடு தாண்டியும் கேட்டது.