வருகையாளர் எண்ணிக்கை

பாடாங் செராய் சமூக மண்டபத்தில்
ஏர்கான் ஒழுகும் இடத்துக்கு ஒரு வாளி வைத்துவிட்டு
இரண்டு நாள் பயிற்சியைத் தொடங்கினார்கள்:
ஆவணக் காப்பாளருக்கு நிர்வாகமும் விற்பனையும்.
நாங்கள் ஆறு பேர்.

தலைநகரிலிருந்து வந்த லோகவதனி
வெள்ளைப் பலகையில் எழுதினார்:
உங்கள் பொருள் என்ன?
பழைய தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள், என்றேன்,
கரையான் மிச்சம் வைத்தவரைக்கும்.
'அது சரக்கு. பொருள் என்ன?'
மாதா கோயில் ஞானஸ்நான ஏடுகளைக் காக்கும் சவரிநாதன்
மெல்லக் கேட்டார்:
பொருள் என்றால் அர்த்தமும்தான்.
எதைக் கேட்கிறீர்கள்?
பசியாறப் போனோம்.

பிறகு கணக்கு.
கரையான் மருந்து, வாடகை,
கீழே டயர் கடை ஆ செங்கோடு
மாடிப்படி விளக்குக்குப் பாதிப் பாதி.
வரவுப் பத்தியில் கோடு மட்டும் போட்டேன்.
இலக்கு என்ன என்றார்; மாதம் நாற்பது பேர், அவரே சொன்னார்.
எனக்கு வருவது மூன்று.
அதில் ஒருவர் கழிவறை கேட்டு வருவார்.

மறுநாள் விளம்பரம்.
'நம் மரபைப் போற்றுவோம்' என்று எழுதினேன்.
அடித்தார்.
படிக்கிறவனுக்கு இதில் என்ன லாபம்?
அடித்து அடித்து மிஞ்சியது இது:
உங்கள் அப்பா அம்மா பேர் எங்களிடம் இருக்கிறது.
மாடிக்கு வாங்க. காசு வேண்டாம்.

ரொட்டி சானாய் கடையில் ஒன்று ஒட்டினேன்,
நம்பர் கடை வாசலில் ஒன்று.

முதலில் வந்தவர் வீரபத்திரன், செம்பனை லாரி ஓட்டுகிறவர்.
அப்பா பெயரில் அவர் கண் நிற்கவில்லை.
அதற்கு இடப்பக்கம் இருந்த நாலு இலக்க எண்ணை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினார்.
சனிக்கிழமை அது ஆறுதல் பரிசில் விழுந்தது.

திங்கட்கிழமை படியில் கால் வைக்க இடமில்லை.
கையுறை போடச் சொன்னேன்,
மறுபேச்சில்லாமல் போட்டார்கள்.
மாமனார் நம்பரும் வேணும், மிஸ்.
இதில் மூணு இலக்கம்தானே இருக்கு, முன்னால் என்ன போடலாம்?
பூஜ்யம் போடுங்கள் என்றேன்.
நிர்வாகம் என்பது தயங்காமல் முடிவெடுப்பது.

எல்லாரும் போனபின் ஒருத்தி நின்றாள்.
அமராவதி. இத்தனை வயதிலும் சிவப்பு ஐ.சி.
அம்மா பெயரைத் தேடி எடுத்தோம்.
அறுபத்து நாலு, ஆகஸ்ட்.
பதினொன்றாம் தேதிவரை தினமும் ஒரு கோடு.
பன்னிரண்டில் கோடில்லை.
ஓரத்தில் கிராணியின் சாய்ந்த எழுத்து:
பிரசவம். பெண்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
'ஆபீஸில் இதை ஒத்துக்குவாங்களா?' என்றாள்.
தெரியாததை விற்காதே என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.
தெரியாது என்றேன்.
நகலெடுத்து முத்திரை குத்தினேன்.
மை மங்கியிருந்தது. இன்னொரு முறை.

மாதக் கடைசியில் படிவம்.
வருகையாளர்: நாற்பத்து மூன்று.
இலக்கு: எட்டப்பட்டது.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
நாற்பத்திரண்டு பேருக்குக்
கூசாமல் எழுதினேன், குடும்ப வரலாற்று ஆய்வு.
அமராவதிக்கு நேரே இன்னும் வெற்றிடம்.

கீழே ஆ செங் காற்றடிக்கிறான், மேசை அதிர்கிறது.
யாரோ படியேறி வருகிறார்கள்,
பேனா இருக்கிறதா என்று
சட்டைப் பையைத் தடவியபடி.