ஆறாவது வளையம்

காலாப்பட்டில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது
எங்கள் ஆய்வகம்.
உப்புக்காற்று தராசின் கண்ணாடிக் கதவுக்குள்ளும் நுழையும்.
நான்காவது தசமம் ஆடிக்கொண்டே இருக்கும்.
அது அடங்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

பென்சீன் வளையங்களை
நேராகக் கோர்த்தால் படுத்துக்கொள்ளும்.
ஒரே பக்கமாக வளைத்துக் கோர்த்தால்
நான்காவதில் நெளியும்
ஐந்தாவதில் தலையும் வாலும் முட்டும்.
பக்கவாட்டில் இடமில்லாதது
ஒன்று மேலே ஏற வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும்.
இவ்வளவுதான் என் ஆராய்ச்சி என்றேன்,
முதுநகர் பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்திருந்தவரிடம்.
'இங்கயும் அதாம்மா' என்று
தோளை உயர்த்திக்கொண்டார்.

ஒன்றரை லிட்டர் டொலுயீனில்
கடுகளவு பொருள்.
நாவற்பழச் சாறாய் அயோடின்.
நடுவில் பாதரச விளக்கு.
இரவெல்லாம் எரியும்.
விடிகாலையில் ஒரு வெளிர் மஞ்சள் கிடைக்கும்.
சில நாள் தார் கிடைக்கும்.

விளக்குக்கு இடம் வலம் தெரியாது.
பாதி இப்படிச் சுழன்றிருக்கும், பாதி அப்படி.
பிரிக்க ஒரு எஃகுக் குழாய் உண்டு,
'காலம்' என்போம் அதை.
சென்னையில் கெஞ்சி வாங்கி வந்தது.
காலத்துக்குள் விட்டால்
வலம் முதலில் வரும்.
பதின்மூன்று நிமிடம் கழித்து இடம்.
திரையில் இரண்டு குன்று, நடுவே சுத்தமான பள்ளம்.
அன்று ஞானாம்பிகாவுக்குப் பரோட்டா வாங்கித் தந்தேன்.

பதினோரு மில்லிகிராம் வலம்.
குளிர்பெட்டியில் வைத்தேன்.
புயல் கரை கடந்தது.
நான்கு நாள் மின்சாரம் இல்லை.

ஐந்தாம் நாள் கருவியில் வைத்தபோது
ஒளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
பூஜ்யம்.
எடை போட்டேன்: பதினொன்று.
நிறமாலை எடுத்தேன்: அதே வரிகள், அதே உயரம்.
களவு போகவில்லை, கெட்டும் போகவில்லை.
சரிபாதி மட்டும்
வெதுவெதுப்பில் புரண்டு
மறுபக்கம் போய்விட்டிருந்தது.

அன்றுதான் ஹைட்ரஜன் சிலிண்டரின் நட்டை
முழு பலத்தோடு தப்புப் பக்கம் திருகினேன்.
உருளையை உருட்டி வந்த பாவாடை,
என்னைவிட இரண்டு வயது சின்னவன்,
கத்தினான்.
'எரியற வாயுவுக்கு இடமரை! மூலையில வெட்டு இருக்குல்ல?
மரை போச்சுன்னா எவன் காசு குடுக்கறது?'
விரலால் தடவினேன்.
இருட்டிலும் தெரியும் அந்த வெட்டு.
இரும்பு வளைந்து கொடுக்காது.
என் ஐந்து வளையம்
யாரும் திருகாமலே நழுவியிருக்கிறது.

இன்னொரு வளையம் போட வேண்டும்.
ஐந்தில் ஒன்றையொன்று உரசித் தாண்டிய முனைகள்
ஆறில் தாண்டக் கூடாது.

சொல்லச் சுலபம். பதினான்கு மாதம்.

அம்மா சனிக்கிழமைதோறும் என் தலைமுடியை முகர்வாள்.
'ராத்திரி காத்து திரும்புனா
இங்க ஜன்னலைச் சாத்தறோம்.
இதே வாசனைய நீ பஸ் ஏறிப் போயி செய்யற.'
மருந்தா என்றாள். இல்லை.
சாயமா? இல்லை.
பின்னே எதுக்கு என்றாள்.
முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அதற்கு என்றேன்.
உன்னை மாதிரி என்று எழுந்து போனாள்.

கத்திரி வெயில்.
புதிய குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை.
வேண்டுமென்றே
மேற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன்.
ஒரு வாரம்.
ஒரு மாதம்.
மூவாயிரத்துச் சொச்சம் என்றது கருவி,
முதல் நாள் சொன்ன அதே எண்.
ஞானாம்பிகா இரண்டு முறை பார்த்துவிட்டு
மூன்றாம் முறை என்னைப் பார்த்தாள்.

கட்டுரையில் வலத்தைப் பற்றி எழுதினோம்.
இடத்தை என்ன செய்தாய் என்று
யாரும் கேட்கவில்லை.
அதே இழுப்பறையில் அடுத்த குப்பியில் இருக்கிறது.
அதே மஞ்சள்,
அதே எண்,
முன்னால் மட்டும் ஒரு சின்னக் கோடு.