பத்தாவது டோஸ்

ராயபுரம் மாநகராட்சி ஆஸ்பத்திரி, பழைய ஓ.பி. ஹால்.
ஐஸ் பெட்டி வந்து மூன்று மணி நேரம் ஆகிறது.
பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கட்டம்:
சம்மதம் உண்டு, இல்லை.
டாக்டர் சுபத்ரா "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்.
லேப் ஜாபருக்குத் திடீரென்று சர்க்கரை.
என் கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்த புள்ளி மட்டும்.

பத்தொன்பது வருடமாகப்
பச்சைக் குழந்தைகளின் தொடையில் குத்திக்கொண்டே
"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா" என்றவள் நான்.
அம்மாக்கள் மருந்தைப் பார்ப்பதில்லை,
என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.
இன்று நான் யார் முகத்தைப் பார்க்க?
வாட்ஸ்அப்பில் யாரோ எங்கேயோ
மயங்கி விழுந்தார்களாம்.
புரளி என்று தெரியும்.
வயிறு கேட்கவில்லை.

திறந்த குப்பியில் பத்து.
ஒன்பது போயிற்று.
நான்கு மணிக்கு மேல் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.
மூன்று ஐம்பதுக்கு
மாப்பும் வாளியுமாக வந்தாள் தேசம்மா.
காய்ச்சல் வார்டின் வாந்தியெல்லாம் அள்ளியவள்.
கான்ட்ராக்ட்.
அவளுக்குக் கட்டமே இல்லை.

"கொட்டுறதுக்கு எனக்குப் போடுங்க சிஸ்டர்.
என்னைத்தான் யாரும் கேக்கலியே."

ஃபினாயிலில் வெளுத்த விரல்கள்
ஜாக்கெட் கையை மேலே சுருட்டின.
போட்டேன்.
எறும்பைப் பற்றிச் சொல்ல வாய் திறப்பதற்குள்
பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.
"அரை மணி நேரம் உட்காரணும்."
"உக்காந்தா யாரு துடைப்பா?"

அவள் பெயரை எழுத இடம் இல்லை.
என் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்
கோடு போட்டேன்.
தேசம்மா. உண்டு.
மேலே என் புள்ளி.
நாளைக் காலை வேறு குப்பி வரும்.